சராசரிக்குள் அடங்காத ஐவர்

ஸ்பீட்வே என்னும் மண்தட மோட்டார்சைக்கிள் பந்தயம் பார்க்க வரும் ஆங்கிலேயர் பலரிடம் ஒரு பேனா இருக்கும். வாசலில் வாங்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் 15 கட்டங்கள் அச்சாகியிருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு பெயர்கள், பக்கத்தில் வெற்றிடம். ஓர் ஓட்டம் முடிந்ததும், வண்டிகள் கிளப்பிய செம்மண் தூள் தாளின்மேல் படிந்துகொண்டிருக்கும்போதே, 3, 2, 1, 0 என்று குறித்துவிட்டு ஓரத்தில் இரு அணிகளின் கூட்டுத்தொகையை எழுதுவார்கள். ஆட்டம் முடிந்தபின் அந்தப் புத்தகம் குப்பைக்குப் போகாது. அலமாரியில் ஆண்டுவாரியாக அடுக்கப்படும்.

2021ஆம் ஆண்டுக்கான பீட்டர்பரோ பேந்தர்ஸ் அணியின் ஏழு பெயர்களும் தெரிந்தபோது, பேனா பிடித்துப் பழகிய இந்த ரசிகர்கள் முதலில் கூட்டிப் பார்த்தது வயதைத்தான். டென்மார்க்கிலிருந்து ஹான்ஸ் ஆண்டர்சன், பியார்னே பெடர்சன், உல்ரிக் ஓஸ்டர்கோர். இங்கிலாந்திலிருந்து ஸ்காட் நிக்கல்ஸ், கிறிஸ் ஹாரிஸ். இந்த ஐவரின் வயது மட்டுமே இருநூறைத் தாண்டியது. மீதி இருவரில் மைக்கேல் பாம் டாஃப்ட் முப்பதைத் தொட்டவர். ஜோர்டன் பாலின் பதின்ம வயதுப் பையன். இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையின் கிழவர்களைப் பற்றிய பிபிசி நகைச்சுவைத் தொடர் ஒன்று உண்டு, ‘டாட்ஸ் ஆர்மி’ என்று. அந்தப் பெயரையே அணிக்குச் சூட்டிவிட்டார்கள். கடைசி இடம் இவர்களுக்குத்தான் என்று ஆரூடம் சொன்னவர்கள் அநேகம். அக்டோபரில் பிரிட்டனின் முதல்நிலை லீக்கான பிரிமியர்ஷிப் கோப்பையை வாங்கியது அந்த அணிதான்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் ஸ்பீட்வே லீக்கின் விதிகளே இப்படியொரு வெற்றிக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அதைக் கண்டவர்கள் அந்த ஆண்டு பீட்டர்பரோவில் இருந்தார்கள்.

முதலில் வண்டி. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், குடிப்பது மெத்தனால். கியர் ஒன்றுதான். பிரேக் கிடையாது, முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கேட்டதும் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. நான்கு பேர் ஒட்டியும் உரசியும் வளைவுக்குள் பாயும்போது முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர்மேல் ஏறிவிடுவார். வேகத்தைக் குறைப்பதும் வண்டியைத் திருப்புவதும் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான். எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும் என்பதால் இடது காலில் இரும்புத் தகடு அடித்த காலணி. அதைத் தரையில் தேய்த்தபடி, முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புவார்கள். ஓர் ஓட்டம் நான்கு சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நம்மூரில் ஒரு காலத்தில் சாலையெல்லாம் ஓடிய ஜாவா வண்டிக்கும் இந்த விளையாட்டுக்கும் உறவு உண்டு. மைசூரில் தயாரான ஜாவாவின் தாய் நிறுவனம் செக் நாட்டில், 1960களில், ‘எசோ’ என்ற பந்தய வண்டித் தொழிற்சாலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் உலக ஸ்பீட்வே ஓட்டுநர்களின் காலிடுக்கில் இருந்தது ஜாவா எஞ்சின்தான்.

பிரிட்டனில் இதன் முதல் பெரிய பந்தயம் 1928 பிப்ரவரி 19 அன்று, லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டை ஒட்டிய ஹை பீச்சில் நடந்தது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆட்டம் அது. மறு ஆண்டே லீக் வந்துவிட்டது. தனிமனித சாகசமாகத் தொடங்கியதை ஆங்கிலேயர்கள் கால்பந்தைப் போல ஊருக்கு ஓர் அணி, வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று மாற்றினார்கள். இந்த விளையாட்டுக்கு அவர்கள் தந்தவற்றில் பெரியது இதுதான். ஓர் அணிக்கு ஏழு பேர், ஓர் ஆட்டத்துக்கு 15 ஓட்டம், ஒவ்வொன்றிலும் அணிக்கு இருவர். முதலாவது வருபவருக்கு 3, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஓர் ஓட்டத்தில் ஆறு புள்ளி, மொத்தம் தொண்ணூறு. நாற்பத்தாறைத் தொட்டால் வெற்றி.

அடுத்து சராசரி. ஓர் ஓட்டுநர் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை முறை ஓடினார் என்று வகுத்து, வந்ததை நான்கால் பெருக்கினால் கிடைப்பது அவருடைய சராசரி. ஐந்து முறை ஓடிப் பத்துப் புள்ளி எடுத்தவருக்கு 8.00. ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால் லீக் வகுத்த வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி ஒன்று நட்சத்திரங்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 1965இல் ‘பிரிட்டிஷ் லீக்’ என்ற புதிய லீக் தொடங்கியபோது இதே சமநிலைக்காக ஒரு குழு உட்கார்ந்து ஓட்டுநர்களை அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. பின்னாளில் அந்த வேலையை எண்கள் எடுத்துக்கொண்டன. ஆகவே குளிர்காலத்தில் அணி கட்டுகிறவர், பட்ஜெட்டுக்குள் அடங்கும்படி மளிகைச் சீட்டு எழுதுகிற குடும்பத் தலைவியின் நிலையில் இருக்கிறார். ஒன்பது புள்ளிக்காரர் ஒருவரை எடுத்தால் வேறு இரண்டு இடங்களில் கை இறுக வேண்டும்.

சராசரி சொல்வது நேற்றைய சேதி. ஒருவர் நேற்று எவ்வளவு எடுத்தார் என்பதற்கும் நாளை எவ்வளவு எடுப்பார் என்பதற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைச் சரியாகப் படிப்பவர் வரம்பைத் தாண்டாமலே வரம்புக்கு மேற்பட்ட அணியைக் கட்டிவிடலாம். பொதுவாக எல்லோரும் இதை இளைஞர்களிடம் தேடுவார்கள். வளர்கிற பையனின் சராசரி எப்போதும் அவன் திறமைக்குப் பின்தங்கித்தான் இருக்கும். பீட்டர்பரோ அதை எதிர்த்திசையில் தேடியது. வயது ஏற ஏற ஓட்டுநரின் சராசரி இறங்கும். ஆனால் அவருக்குத் தெரிந்த வித்தை அதே வேகத்தில் இறங்குவதில்லை. அதோடு 2020இல் பெருந்தொற்றால் பிரிட்டனில் லீக்கே நடக்கவில்லை. ஓராண்டு முழுக்க யாரும் புதிதாக எதையும் நிரூபிக்க முடியாத காலம் அது. யாருடைய எண் உண்மை, யாருடையது பழங்கதை என்று கணிப்பது வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது.

அந்த ஐவர் யார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். நிக்கல்ஸ் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை ஏழு முறை வென்றவர். ஹாரிஸ் 2007இல் கார்டிஃப் அரங்கில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரியை வென்று ஊரையே எழுந்து நிற்க வைத்தவர். ஆண்டர்சனும் பெடர்சனும் 2006இலும் 2008இலும் உலகக் கோப்பை வென்ற டென்மார்க் அணியில் இருந்தவர்கள். அதே 2006இல் பீட்டர்பரோ கடைசியாக லீக் பட்டம் வென்றபோது அந்த அணியிலும் ஆண்டர்சன் இருந்தார். பதினைந்து ஆண்டு கழித்து அதே ஊர், அதே மைதானம், அதே ஆள்.

பந்தயம் ஒன்றை அருகிலிருந்து கவனித்தால் அனுபவம் எங்கே புள்ளியாக மாறுகிறது என்று தெரியும். ஓட்டத்துக்கு முன் தொடக்கக் கோட்டருகே நான்கு பேரும் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருப்பார்கள். பொழுதுபோக்குக்காகச் செய்வதில்லை அது. பின்சக்கரம் நிற்கப்போகும் இடத்தில் ஈரமும் பிடிமானமும் உள்ள மண்ணைச் சேர்த்துக் குட்டியாக ஒரு தடம் வெட்டிக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்குள் கோட்டில் வந்து நின்றாக வேண்டும். குறுக்கே நீட்டிய நாடாக்கள் மேலே பறக்கும் கணத்தில் கிளட்சை விட வேண்டும். இமைப்பொழுது முந்தி நாடாவைத் தொட்டால் தண்டனை. இமைப்பொழுது பிந்தினால் முதல் வளைவில் மூன்றாவது ஆள். பின்னால் மாட்டிக்கொண்டவரின் முகத்தில் முன்னால் போகிறவரின் சக்கரம் மண்ணை வாரி அடிக்கும். கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு கையால் உரித்தெறிந்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். எத்தனையோ ஓட்டங்கள் முதல் வளைவோடே முடிவாகிவிடுகின்றன. இருபது ஆண்டுகள் இந்த நாடாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இடது கை விரல்களுக்கும் இங்கே விலை அதிகம். இதற்கு இளமைத் தசை அவ்வளவாக வேண்டியதில்லை.

இரண்டாவது வித்தை ஜோடி ஓட்டம். அணியின் இருவரும் முன்னால் போய்விட்டால் 5–1. முதல் ஆள் முழு வேகத்தில் ஓடித் தனியாகப் போய்விடலாம். அப்படிப் போனால் பின்னால் வரும் கூட்டாளியை எதிரணிக்காரர் விழுங்கிவிடக்கூடும். தெரிந்த ஓட்டுநர் வேகத்தைக் கொஞ்சம் அடக்கி, கூட்டாளிக்கு உள்பாதையை விட்டுவிட்டு, தான் வெளிப்பக்கம் சுவர்போல நின்று ஓடுவார். நான்கு சுற்றும் இரண்டு வண்டிகள் ஒரே வண்டிபோலப் போகும். பிரேக் இல்லாத வண்டியில், பின்னால் வருகிறவரைப் பார்க்க ஓர் ஓரக்கண் வீச்சுக்கு மட்டுமே நேரம் இருக்கும்போது இதைச் செய்வது சாமானியக் காரியமில்லை. கூட்டாளியை ஒட்டிப் பின்னால் வந்து எதிரணிக்காரரையும் முந்தியவருக்கு போனஸ் புள்ளி என்று தனியாக ஒன்று உண்டு. அணியின் கூட்டுத்தொகையில் அது சேராது. அவருடைய சராசரியிலும் சம்பளத்திலும் சேரும். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதைக் கணக்கில் ஏற்றிய விளையாட்டு இது. இந்தக் கட்டுரையாளருக்கு ஸ்பீட்வே பிடித்துப்போக இந்த ஒற்றை விதியே போதுமானதாக இருந்தது.

சம்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இங்கே ஓட்டுநர் அணியின் மாதச் சம்பளக்காரர் கிடையாது. வண்டி அவருடையது, வேன் அவருடையது, மெக்கானிக்குக் கூலி கொடுப்பதும் அவர்தான். எடுத்த புள்ளிக்குப் பணம். வாரத்தில் ஒரு நாள் இங்கிலாந்து, இன்னொரு நாள் ஸ்வீடன், ஞாயிற்றுக்கிழமை போலந்து என்று பறக்கிற இளம் நட்சத்திரங்களுக்கு இப்போது போலந்தில்தான் பெரிய பணம். பீட்டர்பரோவின் மூத்தவர்கள் எவரும் அந்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப் சுற்றில் இல்லை. பிரிட்டிஷ் லீக் அவர்களுக்கு இடைவேளையில் வந்துபோகும் வேலையாக இருக்கவில்லை.

2021இல் பிரிமியர்ஷிப்பில் ஆறே அணிகள்: பெல் வியூ, இப்ஸ்விச், கிங்ஸ் லின், ஷெஃபீல்ட், வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே தாமதமாகத் தொடங்கிய பருவம். அந்த ஆண்டு ஒவ்வோர் அணியும் ‘ரைஸிங் ஸ்டார்’ என்ற பெயரில் ஓர் இளம் பிரிட்டிஷ் ஓட்டுநரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. பாலின் அப்படி வந்தவர். கிழவர்களின் அணியில் சிறுவனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆட்டத்தின் இரண்டாவது ஓட்டம் வழக்கமாக மாற்று ஓட்டுநர்களுக்கு உரியது. அங்கே அனுபவமில்லாத ஒருவர் கடைசி இடத்துக்குப் பதில் மூன்றாம் இடத்தைப் பிடித்தால் அணிக்கு ஒரு புள்ளி கூடும், எதிரணிக்கு ஒன்று குறையும். 46க்கும் 44க்கும் இடையிலுள்ள வித்தியாசமே அவ்வளவுதான். பெரியவர்கள் கடைசி ஓட்டங்களில் வென்ற ஆட்டங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவது ஓட்டத்தில் வந்த அந்த ஒற்றைப் புள்ளியைப் புத்தகத்தில் எழுதிவைத்தவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள்.

அணியின் மேலாளர் ராப் லயன், ஒரு காலத்தில் பிரிட்டன் தேசிய அணியை நடத்தியவர். ஆனால் இந்த அணியின் கதையில் வேறொரு பெயரைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்: கொலின் பிராட்.

1970 ஜூலையில் வெஸ்ட் ஹாம் அணியினர் நெதர்லாந்தில் ஓடிவிட்டு ஒரு மினி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெல்ஜியத்தின் லோக்கரன் அருகே நடந்த விபத்தில் அணியின் மேலாளர் ஃபில் பிஷப்பும் நான்கு ஓட்டுநர்களும் வண்டியை ஓட்டியவரும் இறந்துபோனார்கள். வேறு அணிக்காரரான பிராட் அன்று விருந்தாளி ஓட்டுநராகக் கூடப் போயிருந்தார். கழுத்தெலும்பு முறிந்து உயிர் பிழைத்தார். அதன்பின் அவர் பந்தயத்தில் ஓடவில்லை. முப்பத்தொரு வயதில் ஓட்டம் நின்றுபோன மனிதர், மிச்ச வாழ்நாள் முழுவதையும் அணிகளைக் கட்டுவதில் செலவிட்டார். கவன்ட்ரி அணியில் நெடுங்காலம், கடைசியில் பீட்டர்பரோ. 2021 பேந்தர்ஸைக் கட்டியதில் அவர் கண்ணுக்கும் பங்கு உண்டு. கோப்பை வந்த அக்டோபரில் அவர் இல்லை. அதே ஆண்டில், 82 வயதில் காலமாகிவிட்டார். பீட்டர்பரோ பேந்தர்ஸ் பிறந்த ஆண்டும் 1970தான்.

இறுதிப் போட்டியில் எதிரே நின்றது மான்செஸ்டரின் பெல் வியூ ஏஸஸ், இந்த விளையாட்டின் மிகப் பழைய பெயர்களுள் ஒன்று. 1993க்குப் பிறகு அவர்கள் பட்டம் வென்றதில்லை. அந்த அணியில் டான் பியூலி, டாம் பிரெனன் என்று இரண்டு இளைஞர்கள். அதே அக்டோபரில், பெல் வியூவின் சொந்த மைதானத்திலேயே, இன்னொரு பிரிட்டிஷ் ஓட்டுநரான ராபர்ட் லாம்பர்ட்டோடு சேர்ந்து இந்த இருவரும் பிரிட்டனுக்கு ‘ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்’ உலகப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்கள். உலகத்தையே வென்ற இளைஞர்கள் இருந்த அணி, லீக்கின் இறுதியில் நாற்பது வயதுக்காரர்களிடம் தோற்றது. இரண்டு செய்திகளையும் ஒரே மாதத்துப் பத்திரிகையில் படித்தவர்களுக்குத்தான் அந்தப் பருவத்தின் விசித்திரம் முழுதாகப் புரிந்திருக்கும். உலகப் பட்டத்துக்கு ஓரிரு மாமேதைகள் போதும். லீக் ஆட்டத்துக்கு ஏழு பேரும் வேண்டும். பீட்டர்பரோவின் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை பெரிய பள்ளம் எங்கும் இல்லை.

மைதானத்துக்கும் இதில் பங்கு உண்டு. பீட்டர்பரோவின் தடம் நகர நடுவிலுள்ள அரங்கில் இல்லை. ஆல்வால்ட்டனில் கிழக்கு இங்கிலாந்து விவசாயக் கண்காட்சி நடக்கும் வெளியில் இருந்தது. மாடும் டிராக்டரும் காட்சிக்கு வரும் இடம். 336 மீட்டர் நீளம், பிரிட்டனில் பெரிய தடங்களில் ஒன்று; ஆக்சிலேட்டரை மூடாமல் ஓடத் தெரிந்தவருக்கு ஏற்றது. மண்ணைச் சரியாகப் போடாவிட்டால் எத்தனை கோடி அரங்கும் பயனில்லை என்பதற்குப் பெல் வியூவே சாட்சி. 2016 மார்ச்சில் அவர்களுடைய புத்தம்புது தேசிய அரங்கின் முதல் பந்தயமே தடம் சரியில்லை என்று ரத்தானது. ஊருக்கு ஊர் மண் வேறு, வளைவின் சரிவு வேறு, ஈரம் காயும் வேகம் வேறு. சொந்தத் தடத்தை அறிந்திருப்பதும் எந்தச் சராசரியிலும் ஏறாத ஓர் அறிவுதான்.

மறு ஆண்டு, 2022. சாம்பியன்களில் பலர் மீண்டும் அதே அணிக்காகக் களமிறங்கினார்கள். பீட்டர்பரோ கடைசி இடத்தில் முடித்தது. பட்டத்தைப் பெல் வியூ தட்டிச் சென்றது, 29 ஆண்டுக்குப் பிறகு.

இந்தச் சரிவை வயதின் தலையில் மட்டும் போடுவது எளிது. சராசரிக் கணக்கைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. 2021இல் நன்றாக ஓடியதால் அவர்களுடைய எண்கள் உயர்ந்துவிட்டன. எண்ணுக்கும் கைக்கும் இடையில் இருந்த அந்த இடைவெளி, பருவம் முழுக்க அவர்கள் வாழ்ந்த அந்த இடைவெளி, அவர்களுடைய வெற்றியாலேயே மூடிக்கொண்டது. லீக்கின் விதி ஜெயித்தவரைத் தண்டிக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு அணிகளே மிஞ்சிய லீக்கில் ஒரே ஊர் ஆண்டுதோறும் ஜெயித்தால் மற்ற ஐந்து ஊர்களில் பேனாவோடு யார் வருவார்கள்? ஆகவே விதி நியாயமானதே. ஒரே பருவத்தில் பூத்து உதிர்வதற்கென்றே அமைந்தது இந்த லீக்கின் அணி.

மைதானத்தின் கதை வேறு. அதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியவில்லை. 1981இல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிப் போட்டிக்குத் தொண்ணூறாயிரம் பேருக்குமேல் திரண்ட நாட்டில், அரங்குகள் ஒவ்வொன்றாகக் கட்டுமான நிறுவனங்களின் கைக்குப் போயின. லண்டனின் விம்பிள்டனில் 2005இல் ஓட்டம் நின்றது. கவன்ட்ரியின் பிராண்டன் அரங்கில் 2016தான் கடைசி. 1928 முதல் வண்டிகள் ஓடிய வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீனிலும், பீட்டர்பரோவின் கண்காட்சி வெளியிலும், இரண்டிலும் 2023 பருவத்தோடு ஸ்பீட்வே முடிந்தது. சாம்பியன் பட்டம் வென்று இரண்டே ஆண்டில் பேந்தர்ஸுக்கு ஓட இடமில்லை. கடைசி இடத்துக்கு இறங்கிய அணி அடுத்த குளிர்காலத்தில் புதிதாய்க் கணக்குப் போட்டு எழலாம். தடம் போன அணிக்கு அந்தக் குளிர்காலம் வருவதில்லை.

விதிவிலக்காக ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்வார்கள். அங்கே 2007க்குப் பின் ஸ்பீட்வே இல்லை; 2022இல் சீட்டாஸ் அணி பழைய கவுலி அரங்குக்கே திரும்பி வந்தது. இத்தனை ஆண்டும் அந்த அரங்கை யாரும் இடிக்காமல் விட்டிருந்தார்கள் என்பதால் அது முடிந்தது. பீட்டர்பரோவில், ஆண்டர்சனும் நிக்கல்ஸும் மண்ணைக் கிளறித் தடம் வெட்டிய அந்தக் கண்காட்சி வெளிக்கு, சுமார் 1,500 வீடுகள் கட்டும் திட்டம் தயாராகியிருக்கிறது.